நீலகிரிக்கு முதன்முதலாகச் சைக்கிளில்: கோத்தகிரி வழியாக நான்கு நாள்

கோவையில் ஞாயிறு காலை ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கேட்டுவிடுவார்கள்: "சைக்கிளிலேயே ஊட்டி போய்விட முடியுமா?" முடியும். பெரிய வீரராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் முதல் தடவை குன்னூர் சாலையில் ஏறாதீர்கள், கோத்தகிரி சாலையில் ஏறுங்கள். ஊட்டியை ஒரே நாளில் தொட்டுவிடவேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அரவேனு, கட்டபெட்டு, கெந்தளா, கேத்தி பாலாடா என்று வழியில் வரும் ஊர்களில்தான் இந்தப் பயணத்தின் சுகம் இருக்கிறது. ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டால் ஏற்றமும் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

நான் முதலில் போனது குன்னூர் சாலையில்தான். பர்லியாரைத் தாண்டுவதற்குள், பின்னால் வரும் பேருந்துகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதித் தெம்பு போய்விட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் லாரியும் காரும் ஒன்றையொன்று முந்தும்போது சைக்கிளுக்கு மிஞ்சுவது தார்ச்சாலையின் ஓரத்தில் ஒரு முழ இடம். அன்று மலையைப் பார்த்த நினைவே இல்லை. அடுத்த முறை கோத்தகிரி வழியாகப் போனேன், அதற்குப்பின் வேறு வழியில் ஏறவே தோன்றவில்லை.

முதலில் கியரைப் பாருங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி 1,790 மீட்டரை ஒட்டி. இடையில் 33 கிலோமீட்டர். அதாவது 1,460 மீட்டர் ஏறவேண்டும், சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். மேட்டுப்பாளையம் பக்கம் முதல் சில கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம் என்பதால், மீதித் தூரத்தில் ஏற்றம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இதற்கு வேண்டியது கால் பலத்தைவிட முன்பக்கம் சின்னப் பல்சக்கரமும் பின்பக்கம் பெரிய பல்சக்கரமும். முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 1.85 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் வேகம் வரும். அந்தக் கணக்கில் கோத்தகிரி ஐந்து மணி நேரம். நடுவில் டீ, இட்லி, வேடிக்கை எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அவசரமே இருக்காது.

வீட்டில் இருக்கும் கியர் இல்லாத சைக்கிளில் இதே ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர் போகும். அதை வைத்து ஏறிய பழைய ஆட்கள் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் அப்படி ஆரம்பித்தால் முழங்கால் ஒரு வாரம் பேசும். கடைக்குப் போய், "மலை ஏறணும், பின்னால் 34 பல்லாவது இருக்கிற காசெட் மாட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். காசெட்டை, அதாவது பின் பல்சக்கரத் தொகுதியை, மாற்றினால் செயின் நீளமும், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டிரெயிலியரும் ஒத்துவருகிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். புது சைக்கிள் வாங்குவதைவிட இந்த ஒரு மாற்றம் அதிகம் உதவும்.

டயர் அகலம் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மலைச் சாலையின் ஓரம் மழையில் அரித்திருக்கும், மெல்லிய பந்தய டயர் அங்கே தாக்குப்பிடிக்காது.

அப்புறம் பிரேக்

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு யாரும் இறக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்களும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ என்றால், கோத்தகிரியிலிருந்து கீழே வரும்போது அந்த 1,460 மீட்டர் உயரத்தின் சக்தி எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். கொஞ்சம் காற்றில் போகும். முழுவதையும் பிரேக் தாங்கினால் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவுச் சூடு அது. பிரேக் கட்டை, ரிம், டிஸ்க் எல்லாம் சேர்ந்து அந்தச் சூட்டைத்தான் வாங்கிக்கொள்கின்றன. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கையைச் சுடும், டியூப் வெடிக்கவும் கூடும்.

ஒரு தடவை கோத்தகிரியிலிருந்து இறங்கி, குஞ்சப்பனையில் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தபோது கடைக்கார அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்து, "கண்ணு, அதுமேல தண்ணி ஊத்தாதீங்க, ஆறட்டும். உக்காந்து ஒரு டீ குடிங்க" என்றார். மேலிருந்து வருகிற வண்டிகள் அங்கே நின்று புகைவதைத் தினமும் பார்க்கிறவர். பிரேக் கட்டையைப் பார்த்தேன். புறப்படும்போது புதிதாக மாட்டியது, அதன் மேலிருந்த வரிப்பள்ளம் பாதி தேய்ந்திருந்தது. கட்டையில் ஒரு சின்ன அலுமினியத் துகள் பளபளவென்று ஒட்டியிருந்தது, ரிம்மிலிருந்து உரிந்து வந்தது. பேனாக்கத்தி முனையால் அதை நெம்பி எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதை விட்டிருந்தால் ரிம்மில் கோடு விழுந்துகொண்டே வந்திருக்கும்.

ஆகவே புறப்படும் முன் புதுக் கட்டை மாட்டுங்கள், டிஸ்க் என்றால் புது பேட். கையோடு இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஒயர் பிசிறடித்திருந்தால் மாற்றுங்கள். வாடகைக்கு எடுக்கும் சைக்கிளாக இருந்தால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் நீங்களே சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் பிடித்து, கட்டை ரிம்மில் முழுதாகப் பதிகிறதா என்று கண்ணால் பாருங்கள். டயர் ரப்பரில் உரசிக்கொண்டிருந்த கட்டையோடு எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். பார்க்காமல் ஏறியிருந்தால் இறக்கத்தில் டயர் கிழிந்திருக்கும்.

இறங்கும் முறை இது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து அழுத்தாதீர்கள். உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் சாயும்போது தரையில் இடிக்கும். கொண்டை ஊசி வளைவில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதனால் ஹாரன் கேட்டால் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள். மலையில் மேலேறும் வண்டிக்குத்தான் முதல் வழி. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம், அனல் தெரியும்.

எந்த மாதம்

ஜனவரி இரண்டாம் பாதியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அந்தப் பக்கம் மழைக்காலத்தில் நினைக்கவே வேண்டாம். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவு, அங்கே வடகிழக்குப் பருவமழைதான் பலம். 2009 நவம்பரில் இந்தப் பகுதியில் மண்சரிவு எத்தனையோ பேரின் உயிரைக் கொண்டுபோனது. எனவே அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை ஒரு வாரம் முன்பே வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், அழகுதான், ஆனால் கைவிரல் மரத்து பிரேக் பிடிக்க வராது.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கூட்டம் ஒரு காரணம். இன்னொன்று, கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாக விடுவார்கள். நம் திட்டமே தலைகீழாகிவிடும்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. பதிவெண் போட்டு எடுப்பது என்பதால் சைக்கிளை விட, உங்கள் பின்னால் பையோடு வரும் நண்பரின் காருக்குத்தான் அதை நினைவில் வைக்கவேண்டும்.

கால் பழக

மலை பக்கத்தில் இல்லாதவர்கள் எங்கே பழகுவது? சேலம் பக்கம் இருந்தால் ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. வேலூர், திருப்பத்தூர்க்காரர்களுக்கு ஏலகிரி, 14 வளைவு. பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கு மலையைவிட நல்ல வாத்தியார் ஒருவர் இருக்கிறார்: ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை எதிர்த்து மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால், ஏற்றத்தில் மிதிக்கிற அதே மெதுவான, விடாத மிதி பழகிவிடும். ஏற்றமாவது ஒரு வளைவில் மூச்சுவிடத் தரும், காற்று அதுகூடத் தராது. இப்படி ஆறு வாரம் போதும்.

பையில் என்ன

குறைவாக. கூடுதலாக ஒரு கிலோ சுமந்தால் கோத்தகிரி ஏற்றத்தில் மூன்று நிமிடம் அதிகமாகும். மூன்று நிமிடம் பெரிதில்லை, ஆனால் ஐந்து கிலோ என்றால் கால் மணி நேரம். முதுகில் பை வேண்டாம், இடுப்பு நொந்துவிடும். சைக்கிளின் பின் கேரியரில் கட்டுங்கள்.

ஒரு முழுக்கைச் சட்டை, காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, மழைக்கோட்டு, ஒரு மாற்று உடுப்பு, கையுறை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக் கிளம்பியவர் கோத்தகிரியில் ஒன்பது டிகிரி குறைந்த குளிரில் நிற்பார், அதுவும் நனைந்த சட்டையோடு. மேலே போனதும் முதல் வேலை சட்டையை மாற்றுவது. இறங்கும் முன் நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு தினத்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய உத்தி, குளிர்காற்றை நன்றாகத் தடுக்கும்.

டியூப் இரண்டு, பேட்ச், கைப் பம்ப், ஆலன் சாவிக் கொத்து, செயின் இணைப்பு ஒன்று. மலை ஊர்ச் சைக்கிள் கடைகளில் சாதாரண அளவு டியூப் கிடைக்கலாம், கியர் சைக்கிள் டியூப் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பஞ்சர் ஒட்ட வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் விளக்கு கட்டாயம், இருட்டுக்காக இல்லை, பகல் மூடுபனிக்கு. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். காசு போட்டால் குடிநீர் தரும் வாட்டர் ஏடிஎம்கள் சாலையோரம் இருக்கின்றன, அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

முதல் நாள்: மேட்டுப்பாளையம் முதல் கோத்தகிரி

முந்தின இரவே மேட்டுப்பாளையம் வந்து தங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடிகாலையில் இறக்கிவிடும். ஆனால் ரயிலில் தூங்கியும் தூங்காமலும் வந்து உடனே ஏறுவதைவிட ஒரு நாள் ஓய்வெடுத்து ஏறுவது நல்லது.

காலை ஆறரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் நன்றாக வந்ததும் ஏழு மணிக்குக் கிளம்புங்கள். அதற்கு முன் வேண்டாம், ஏன் என்பதைச் சொல்கிறேன். பவானிப் பாலத்தைத் தாண்டினால் கோத்தகிரி சாலை தனியாகப் பிரியும். கொஞ்ச தூரம் பாக்குத் தோப்புகள், ஈரமான நிழல். அதற்கப்புறம் காடு, ஏற்றம் தொடங்கும்.

ஏற்றம் தொடங்கியதும் எல்லாரும் செய்யும் தவறு வேகமாக ஏறுவது. முதல் அரை மணி நேரம், பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் மட்டும் மிதியுங்கள். மூச்சு வாங்கி வார்த்தை வார்த்தையாகப் பேசுகிறீர்கள் என்றால் கியரைக் குறையுங்கள். இனி குறைக்கக் கியர் இல்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதில் தோல்வி எதுவும் இல்லை. தள்ளும்போது வேறு தசை வேலை செய்யும், மிதிக்கிற தசை ஓய்வெடுக்கும்.

அரை மணிக்கு ஒருமுறை, பசிக்காவிட்டாலும், கொஞ்சம் சாப்பிடுங்கள். கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம். இந்த ஏற்றத்துக்கு உடம்பு 1,300 கலோரி அளவில் செலவழிக்கும், காலையில் தின்ற நாலு இட்லி அதில் கால்வாசியைக்கூடத் தாங்காது. தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதி வழியில் குஞ்சப்பனை. சுற்றிலும் இருளர் குடியிருப்புகள், பலா மரங்கள். பலாப்பழ சீசனில், மே முதல் ஜூலை வரை, குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர்ப் பகுதிக்குச் சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் ஏறி வரும். மற்ற மாதங்களிலும் வராது என்று இல்லை. விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்கு முன் போய்ச் சேரச் சொல்வது இதனால்தான். யானை சாலையில் நின்றால் கிட்டே போகாதீர்கள், சுற்றிப் போக முயலாதீர்கள், படம் எடுக்காதீர்கள். சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பிப் பின்வாங்கி, பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். எதிரே வரும் ஓட்டுநர் விளக்கை அடித்துக் கையைக் காட்டினால் உடனே நின்று கேளுங்கள். "மேல ஒத்தை நிக்குது, பஸ்ஸு வரட்டும், அது பின்னாடியே போங்க தம்பி" என்று ஒரு முறை எனக்குச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் நின்றேன். பேருந்து வந்தது, யானை அதற்குள் காட்டுக்குள் இறங்கியிருந்தது, சாலையில் சாணமும் முறிந்த மூங்கிலும் மட்டும் கிடந்தன. சாணத்திலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

முள்ளூர் தாண்டினால் காடு விலகித் தேயிலை வரும். சில்வர் ஓக் மரங்கள் நடுவே பச்சைச் சரிவு. அரவேனுவில் பஜார் உண்டு, இங்கே நின்று சாப்பிடுங்கள். காற்றில் தேயிலைத் தொழிற்சாலையின் வாடை வரும், வறுத்த புல் மாதிரி. கோத்தகிரி பக்கத்தில்தான். அறை எடுக்கும்போது சைக்கிளை உள்ளே வைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள்: பையில்லாமல் கோடநாடு

இந்த நாளை ஓய்வு நாள் என்று சொல்லலாம். பையை அறையில் வைத்துவிட்டு, கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டரில் உள்ள கோடநாடு காட்சிமுனைக்குப் போய் வாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கி ஓடும் சாலை. முனையில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, நடுவில் தெங்குமரஹாடா ஊர், தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர். அந்த உயரத்தையெல்லாம் நேற்று மிதித்து ஏறினோம் என்பது இங்கே நின்றால்தான் புரிகிறது. குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள்.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் இரண்டு இடம். கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா, ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். கோவை ஆட்சியராக இருந்த அவர் 1819இல் மலையேறி வந்து தங்கியது இந்தப் பக்கம்தான். ஊட்டிக்கெல்லாம் முன்னால் கோத்தகிரி. இன்னொன்று லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் பழைய சோலைக்காடு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்தது, கீழேயுள்ள ஊர்களுக்கு இதன் தண்ணீர்தான் குடிநீர். அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்தில் மாலையானால் கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் வரும், நாலு மணிக்கு மேல் சைக்கிளை வெளியே எடுக்கவேண்டாம்.

மூன்றாம் நாள்: ஊர்களின் வழியே ஊட்டி

கோத்தகிரியிலிருந்து ஊட்டிச் சாலையில் கட்டபெட்டு வரை போய், அங்கே குன்னூர்ச் சாலையில் திரும்புங்கள். குன்னூர் மொத்தம் 21 கிலோமீட்டர். குன்னூரில் காலை உணவு, டீ, வர்க்கி. ஊட்டி வர்க்கி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, மேலே மேலே அடுக்காக இருக்கும், டீயில் நனைத்தால்தான் ருசி. இரண்டு பொட்டலம் வாங்கிப் பையில் வையுங்கள்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு எல்லா வண்டியும் போவது அருவங்காடு, எல்லநள்ளி வழியாக. நமக்கு அது வேண்டாம். குன்னூருக்குச் சற்றுக் கீழே காட்டேரிப் பூங்கா பக்கம் பிரிந்து, சேலாஸ், கெந்தளா, கேத்தி பாலாடா வழியாக லவ்டேல் போகும் சாலையைப் பிடியுங்கள். நேர் சாலையைவிட நீளம், ஏற்றமும் அதிகம், கூட்டம் குறைவு. அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள். குன்னூர் வந்து சேரும்போதே களைப்பாக இருந்தால் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் போங்கள், பயணம் ஐந்து நாளாகட்டும்.

இது படகர் ஊர்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. சரிவில் வரிசையாக ஓட்டு வீடுகள், முன்னால் பொதுத் திண்ணை மாதிரி புல்வெளி. இப்படிப்பட்ட ஊரை ஹட்டி என்பார்கள். ஊருக்குள் சாலை நுழையும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, பெரியவர்களைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், நின்று பதில் சொல்லுங்கள். எந்த வளைவில் சாலை சரிந்திருக்கிறது, எங்கே நேற்றுச் சிறுத்தை வந்தது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் கிடைக்கும். கோயில் பக்கம் செருப்போடு போகாதீர்கள், தேயிலை பறிக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஹெத்தை அம்மன் திருவிழா டிசம்பர், ஜனவரியில் வரும். வெள்ளை உடுத்திக் கூட்டமாக நடந்து வருவார்கள். அப்போது இறங்கி ஓரமாக நின்று அவர்கள் போன பிறகு ஏறுங்கள்.

கேத்தி பாலாடாவில் கட்டாயம் நில்லுங்கள். கேரட் கழுவுகிற இடம் சாலையோரமே இருக்கும். மண்ணோடு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், எது கேரட் எது மண்கட்டி என்று தெரியாது. சுழலும் இரும்புப் பீப்பாய்க்குள் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். முதலில் கடகடவென்று கல் விழுகிற சத்தம், மண் கரையக் கரையச் சத்தம் மாறி, வழவழவென்று உருள்கிற ஓசையாகிவிடும். கதவைத் திறந்தால் செக்கச்செவேலென்று வந்து கொட்டும். நின்று பார்த்தால் யாராவது ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவி அப்போதே கடிக்கிற கேரட்டின் இனிப்பு மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போவதற்குள் போய்விடுகிறது. ஏற்றத்தில் மிதிக்கிற உடம்புக்கு இதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது.

அங்கிருந்து லவ்டேல் வரை நல்ல ஏற்றம், சாயங்காலக் காற்றும் சேரும். மெதுவாகப் போங்கள். லவ்டேல் வந்துவிட்டால் ஊட்டி பக்கம்.

நான்காம் நாள்: கீழே

ஊட்டி 2,240 மீட்டர். காலையில் தொட்டபெட்டா சந்திப்பு வரை முதலில் ஏறவேண்டும், உடம்பு சூடாவதற்கு அதுவே போதும். சந்திப்பில் மேலங்கியைப் போட்டு, தினத்தாளைச் செருகி, பிரேக் ஒயரை ஒரு சுற்று இறுக்கிவிட்டு இறங்கத் தொடங்குங்கள். கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி 28 கிலோமீட்டர். பெரும்பாலும் இறக்கம், நடுநடுவே சின்ன ஏற்றம். மூடுபனி இருந்தால் விளக்கைப் போட்டு, முன்னால் பத்து மீட்டர் தெரியாவிட்டால் டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் விலகும்.

கோத்தகிரியில் பிரேக் கட்டையை மறுபடி பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கையோடு வைத்திருக்கும் புதுசை மாட்டுங்கள், கீழே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மழை பெய்து சாலை நனைந்திருந்தாலோ, கை நடுங்கினாலோ, சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் சரக்கு வண்டி ஒன்றைப் பேசிக் கீழே வந்துவிடலாம். ஏறியது உங்கள் காலால்தான், இறக்கத்தை வண்டியில் வருவதால் அது குறைந்துவிடாது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையையும், மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையையும் படங்களில் பார்த்துச் சிலருக்கு ஆசை வரும். முன்னதில் 36 கொண்டை ஊசி வளைவு, மிகச் செங்குத்து. பின்னதில் 43, நடுவில் உதவிக்கு ஊர்கள் குறைவு, யானைகள் பேருந்தையே மறித்து நிற்கும் காடு. இரண்டுமே முதல் பயணத்துக்கு உரியவை அல்ல. இந்த வட்டத்தை இரண்டு, மூன்று முறை ஓட்டிய பிறகு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள்.

குஞ்சப்பனைக்குக் கீழே காற்று மாறும். குளிர் விலகி வெதுவெதுவென்று முகத்தில் அடிக்கும், சட்டைக்குள்ளிருந்த தாளை எடுத்துவிடலாம். பாக்குத் தோப்பு வந்தால் சமதளம் வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறவர்கள் ரயில் கிளம்ப மூன்று மணி நேரம் முன்னதாகவே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சங்கிலி உள்ள பக்கம் அட்டை வைத்துக் கட்டி, பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் நல்லது.